பந்தைத் தொட்டார்கள், கோப்பையைத் தொடவில்லை
பல்வங்கர் பாலு என்ற பந்து வீச்சாளரின் வாழ்க்கை



மாத்தளையிலிருந்து எல்கடுவ நோக்கி ஏறும் மலைப்பாதையில் ஒரு ஞாயிறு பிற்பகலில் போய்ப் பாருங்கள். தேயிலைச் சரிவுகளுக்கிடையே எங்கே ஒரு துண்டு சமதரை கிடைக்கிறதோ, அங்கே நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் ஒரு பந்து வீச்சாளரின் பெயரைக் கேட்டால் முத்தையா முரளிதரனின் பெயரைத் தயங்காமல் சொல்வார்கள். அதில் வியப்பில்லை. கண்டியில் 1972இல் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரப்பிள்ளை என்பதால் அவருடைய புகழில் நமக்கும் ஒரு பங்குண்டு என்று எண்ணி மகிழ்கிறோம்.

ஆனால் முரளிதரன் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்திய மண்ணில் ஒரு பெரும் சுழற்பந்து வீச்சாளர் பிறந்தார். அவருடைய பெயர் பல்வங்கர் பாலு. இந்தப் பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தம் காலத்தில் பம்பாய் நகரமே கொண்டாடிய வீரர் அவர். ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு அவரே முதல் வீரத் திருமகன். அவரது கதையை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறோம். இது பந்தையும் மட்டையையும் பற்றிய கதை மட்டுமன்று. திறமையை மெச்சுகிறவர்கள் மனிதனை மதிக்கிறார்களா என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வி நம் வீட்டு வாசல் வரை வந்து நிற்கும் கேள்வி.

மூன்று ரூபாவும் நான்கு ரூபாவும்

பாலு 1870களின் நடுப்பகுதியில், இன்றைய கர்நாடக மாநிலத்திலுள்ள தார்வாரில் பிறந்தார். கொங்கணக் கரையோரத்துப் பல்வன் என்ற ஊரே குடும்பத்தின் பூர்வீகம். பல்வங்கர் என்ற குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது. தோல் வேலையோடு தொடர்புபட்ட சாமார் சாதியைச் சேர்ந்த குடும்பம். அக்காலத்து உயர் சாதியினரின் பார்வையில் அவர்கள் தீண்டத்தகாதவர்கள்.

தந்தைக்குப் பூனா நகரில் பிரித்தானியப் படையைச் சார்ந்த வேலை. பாளையத்தில் வெள்ளை அதிகாரிகள் கிரிக்கெட் ஆடுவார்கள். அவர்கள் கழித்துப் போட்ட மட்டைகளையும் பந்துகளையும் எடுத்து, பாலுவும் தம்பி சிவராமும் ஆடப் பழகினார்கள். பயிற்சியாளர் இல்லை, பாடசாலை அணி இல்லை. கண்டதைப் பார்த்துச் செய்ததே அவர்கள் பெற்ற கல்வி.

வறுமை அந்தச் சிறுவனை விரைவில் வேலைக்கு அனுப்பியது. பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கழகத்தில் ஆடுகளத்தைக் கூட்டுவதும், உருளையை இழுத்துத் தரையைச் சமப்படுத்துவதும் முதல் வேலை. மாதம் மூன்று ரூபா சம்பளம். சில நேரங்களில் உறுப்பினர்களின் பயிற்சிக்காகப் பந்து வீசவும் சொல்வார்கள். 1892ஆம் ஆண்டளவில் வெள்ளையர்களுக்குரிய பூனா கழகத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் ஒரு ரூபா கூடி நான்கு ரூபாவாயிற்று. வேலையும் கூடிற்று. தரையை உருட்ட வேண்டும், சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், வலைகளைக் கட்ட வேண்டும், டெனிஸ் களத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துரைமாரின் விளையாட்டுக் கழகங்களிலும் இப்படி உருளை இழுத்த கைகள் இருந்தன. அந்தத் தரையில் ஆடியவர்களின் பெயர்கள் கழகச் சுவரில் எழுதப்பட்டன. தரையைச் செப்பனிட்டவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

எட்டணாப் பந்தயம்

பூனா கழகத்தில் டிராஸ் என்ற வெள்ளையர் ஒருவர் பாலுவின் பந்து வீச்சைக் கண்டு, வலைப் பயிற்சியின்போது தொடர்ந்து வீசுமாறு ஊக்கப்படுத்தினார். அதன் பின்னர் கிரெய்க் என்ற படை அதிகாரி வந்தார். இந்தியாவிலிருந்த வெள்ளையருள் மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர் என்று பெயரெடுத்தவர் அவர். மற்றவர்கள் வருவதற்கு முன்னரே மைதானத்துக்கு வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்வாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பாராம். எட்டணா என்றால் அரை ரூபா. எட்டு முறை விழுத்தினால் ஒரு மாதச் சம்பளம்! அந்த இளைஞர் எவ்வளவு கவனத்தோடு வீசியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

பாலு இடது கையால் மெதுவாக வீசுபவர். விரலால் திருகி விடும் பந்து காற்றிலே சற்று மிதக்கும். வலது கைத் துடுப்பாட்டக்காரரை நோக்கி வருவது போல வந்து, தரையிற்பட்டதும் வெளியே திரும்பிப் போகும். வேகத்தையும் உயரத்தையும் சிறிது சிறிதாக மாற்றி எதிராளியை ஏமாற்றுவது இக்கலையின் நுட்பம். நம் நாட்டின் ரங்கன ஹேரத்தும் இந்தியாவின் பிஷன் சிங் பேடியும் பிற்காலத்தில் இதே வகைப் பந்து வீச்சால்தான் உலகப் புகழ் பெற்றார்கள். ஒவ்வொரு நாளும் உருளையை இழுத்த பாலுவுக்கு ஆடுகளத்தின் எந்த மூலை ஈரம், எந்த மூலை வறட்சி என்பது உள்ளங்கை போலத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பந்து வீசியும் அந்தக் கழகத்தில் மட்டை பிடிக்க ஒரு முறைகூட அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை என்று சொல்வார்கள். இதற்குக் காரணம் சாதி மட்டுமன்று. அக்கால கிரிக்கெட்டில் மட்டை பிடிப்பது மேன்மக்களின் கலை. பந்து வீசுவது உடலுழைப்பு. இங்கிலாந்திலும் அப்படித்தான். கூலி வாங்காமல் ஆடிய சீமான்கள் ஒரு பிரிவு, கூலிக்கு ஆடியவர்கள் மறு பிரிவு. ஒரே அணியில் ஆடினாலும் உடை மாற்ற வேறு அறை. மைதானத்துக்குள் நுழைய வேறு வாயில். இந்த வேற்றுமை அங்கே 1962ஆம் ஆண்டு வரை சட்டமாகவே நீடித்தது. ஆக, உழைப்பை ஒரு கையிலும் மேன்மையை மறு கையிலும் கொடுப்பது உலகெங்கும் இருந்த வழக்கம். பாலுவுக்கு அதன்மேல் சாதியின் சுமையும் சேர்ந்திருந்தது.

மண் கோப்பை

பூனாவில் இந்துக்களுக்கென்று ஒரு கழகம் இருந்தது. வெள்ளையரை எதிர்த்து வெல்ல வேண்டுமென்பது அதன் பெருங்கனவு. வெள்ளையரின் துடுப்பாட்டக்காரர்களை நாள்தோறும் திணறடிக்கும் ஒருவர் தங்கள் சமயத்திலேயே இருக்கிறார். ஆனால் அவர் தீண்டத்தகாதவர். என்ன செய்வது? கழகத்துக்குள் பெரும் விவாதம் நடந்தது. சேர்க்கக்கூடாது என்றனர் ஒரு சாரார். வெல்ல வேண்டுமானால் சேர்க்கத்தான் வேண்டும் என்றனர் மறு சாரார். முடிவில் வெற்றியின் ஆசை வென்றது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

ஆனால் எப்படிச் சேர்த்தார்கள்? மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். அவர் கையிலிருந்து போன பந்தைப் பிடித்தார்கள், திருப்பி எறிந்தார்கள். அந்தப் பந்தே தோலால் செய்யப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்! தேநீர் இடைவேளை வந்ததும் நிலைமை மாறிவிடும். மற்றவர்கள் கூடத்துக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்துவார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் கோப்பையில் தேநீர் வரும். முகம் கழுவ வேண்டுமென்றால் அவருடைய சாதியைச் சேர்ந்த வேலையாள் ஒருவர் தண்ணீர் கொண்டுவர வேண்டும். மதிய உணவு தனித் தட்டில், தனி மேசையில்.

வாசகர்களே, தேயிலைக் கொழுந்து பறித்த கைகளின் வழிவந்தவர்கள் நம்மிற் பலர். அந்தத் தேநீர் எந்தக் கோப்பையில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது நமக்கு அற்ப விடயமாக இருக்க முடியாது.

இது வேறு சமயத்தாரின் குறை என்றும் நாம் கையைக் கழுவிவிட முடியாது. திருநெல்வேலிச் சீமையிலே வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதி பார்த்து மக்களைப் பிரிக்க ஒரு சுவர் நின்றது. ஒரே பீடத்தை நோக்கி, சுவரின் இரு பக்கத்திலும் நின்று மக்கள் வழிபட்டார்கள். பாலு பம்பாயில் புகழோடு ஆடிக்கொண்டிருந்த 1910ஆம் ஆண்டிலேதான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவரை இடித்ததும் மனங்கள் ஒன்றாகிவிடவில்லை என்பதையும் வரலாறு சொல்கிறது.

பூனாவில் பாலுவின் பந்து வீச்சால் இந்துக்கள் அணி வெள்ளையரை வெல்லத் தொடங்கியது. ஒருமுறை சதாரா நகரத்து வெள்ளையர் கழகத்தோடு ஆடப் போனார்கள். பாலுவின் பந்து திரும்பக்கூடாது என்பதற்காக அவர்கள் பல நாட்களாகத் தரையை இறுக உருட்டி வைத்திருந்தார்களாம். அந்தத் தரையிலும் பாலு ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். நீதிபதியும் சீர்திருத்தவாதியுமான மகாதேவ கோவிந்த ரானடே, பூனாவில் பொதுமக்கள் முன்னிலையில் அவரைப் பாராட்டினார். சேர்ந்து விளையாடுகிறவர்கள் சேர்ந்து உண்பதற்கு ஏன் தயங்குகிறீர்கள் என்று உயர்சாதி வீரர்களை அவர் இடித்துரைத்தார் என்பர்.

பம்பாயின் பெருவெற்றி

1896இல் கொள்ளைநோய் பரவியபோது பாலு பூனாவை விட்டுப் பம்பாய்க்குச் சென்றார். அங்கே இரயில்வேயில் வேலை கிடைத்தது. இந்து ஜிம்கானா என்ற பெரிய கழகத்திலும் இடம் கிடைத்தது. இங்கும் முதலில் எதிர்ப்பு எழுந்தது. இங்கும் அவருடைய பந்துகளே அதற்கு விடை சொல்லின.

அந்தக் காலத்துப் பம்பாய்க் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அங்கே அணிகள் சமய, இன அடிப்படையில் அமைந்திருந்தன. முதலில் ஐரோப்பியர்களும் பார்சிகளும் ஆடினார்கள். 1907இல் இந்துக்கள் சேர்ந்து முக்கோணப் போட்டியாயிற்று. 1912இல் முஸ்லிம்கள் சேர்ந்து நாற்கோணப் போட்டியாயிற்று. 1937இல் இந்தியக் கிறிஸ்தவர்கள் முதலியோரைக் கொண்ட ஐந்தாவது அணியும் வந்தது. சமயத்தின் பேரால் மக்களைப் பிரிக்கிறது என்ற கண்டனத்தினால் 1946க்குப் பின்னர் இப்போட்டி கைவிடப்பட்டது.

1906ஆம் ஆண்டு பெப்ரவரியில் இந்துக்கள் அணி பம்பாயில் ஐரோப்பியர் அணியைச் சந்தித்தது. பாலுவும் தம்பி சிவராமும் அணியில் இருந்தார்கள். இந்துக்கள் 109 ஓட்டங்களால் வென்றார்கள். பாலு இரண்டு இன்னிங்ஸிலுமாக எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆளுவோரை ஆளப்படுவோர் வென்ற செய்தி நாடெங்கும் பரவியது. மண் கோப்பையின் காலமும் அதற்குள் ஓரளவு மாறியிருந்தது. இந்து ஜிம்கானாவில் பாலு மற்றவர்களோடு சேர்ந்து உண்ண முடிந்தது. சென்னையில் 1890இல் தொடங்கிப் பின்னர் பம்பாய்க்கு இடம் மாறிய இந்தியன் சோஷியல் ரிபார்மர் என்ற வார ஏட்டைத் தமிழரான கா. நடராஜன் நடத்தி வந்தார். ஆட்டத்தில் வென்றதைவிட, ஒடுக்கப்பட்ட சகோதரர்களை அணியில் ஏற்றதே பெரிய வெற்றி என்ற கருத்தில் அந்த ஏடு எழுதியது.

இங்கிலாந்தில் 114 விக்கெட்டுகள்

1911ஆம் ஆண்டு எல்லாச் சமயத்தவரும் அடங்கிய முதலாவது இந்திய அணி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே கப்பலில் சென்றார்கள். பட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் தலைவர். பல்வங்கர் சகோதரர் இருவரும் அணியில் இடம் பெற்றார்கள்.

அணி பெரிதாகச் சாதிக்கவில்லை. பட்டியாலா மன்னர் பெரும்பாலான போட்டிகளில் ஆடவில்லை. முதல் தரப் போட்டிகள் பதினான்கில் இரண்டைத்தான் அணி வென்றது, பத்தில் தோற்றது. ஆனால் அந்தத் தோல்விகளின் நடுவே ஒருவர் மட்டும் ஓயாமல் பந்து வீசிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதை எட்டியிருந்த பாலு, சுற்றுப்பயணம் முழுவதிலும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் எட்டு விக்கெட். லெஸ்டர்ஷயருக்கு எதிரான வெற்றியில் மொத்தம் பதினொரு விக்கெட். மூன்று ரூபாவுக்குத் தரை கூட்டிய சிறுவன், கிரிக்கெட் பிறந்த நாட்டில் அதன் தேர்ந்த வீரர்களைத் தலைகுனிய வைத்தான்!

பம்பாய் திரும்பியபோது ஒடுக்கப்பட்ட மக்கள் கூடி அவருக்கு வரவேற்பு விழா எடுத்தார்கள். அந்த விழாவின் வரவேற்புப் பத்திரத்தில் ஒரு கல்லூரி மாணவருக்கும் பங்கிருந்தது. அவரே பிற்காலத்தில் இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய பீமராவ் அம்பேத்கார். பாலுவைத் தம் மக்களின் பெருமையாக அந்த இளைஞர் கண்டார்.

கிடைக்காத தலைமை

இத்தனைக்குப் பின்னர் இந்துக்கள் அணிக்குத் தலைவராக யாரை நியமித்திருக்க வேண்டும்? அனுபவத்தில் மூத்தவர் பாலு. ஆட்ட நுட்பத்தில் அவருக்கு நிகரில்லை. ஆண்டுதோறும் அவருடைய பெயர் பேசப்பட்டது; ஆண்டுதோறும் வேறொருவர் தலைவரானார். 1913இல் தலைவராக நியமிக்கப்பட்ட எம். டி. பை என்பவர் நேர்மையான மனிதர். இந்த மரியாதை தம் நண்பர் பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆயினும் தேர்வுக் குழு அசையவில்லை.

காரணம் விளங்குகிறதல்லவா? ஒருவர் பந்து வீசும்போது அவர் நமக்காக உழைக்கிறார். அவர் தலைவராகிவிட்டால் நாம் அவர் சொற்கேட்டு நடக்க வேண்டும். உழைப்பை ஏற்பது எளிது; கட்டளையை ஏற்பதற்கு மனம் மாற வேண்டும். தனிக் கோப்பையை எடுத்துவிட்டவர்களும் தனி நாற்காலியை எடுக்கத் துணியவில்லை.

1920ஆம் ஆண்டு இந்தப் புகைச்சல் வெளியே வந்தது. அவ்வாண்டு நாற்கோணப் போட்டியின் முதல் ஆட்டத்துக்குப் பாலு சேர்க்கப்படவில்லை. தலைமை பற்றிய பழைய அநீதியும் தொடர்ந்தது. தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினார்கள். சாதியின் காரணமாகத் தங்களுக்கு இழைக்கப்படும் அவமதிப்பை இனிப் பொறுப்பதற்கில்லை என்று பொதுமக்களுக்கு அறிக்கை விடுத்தார்கள். மக்கள் சகோதரர்களின் பக்கம் நின்றார்கள். பார்சிகளுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்குப் பாலு மீண்டும் அழைக்கப்பட்டு உபதலைவராக்கப்பட்டார், தம்பியரும் திரும்பினார்கள். ஆட்டத்தின் இடையே தலைவர் பை மைதானத்தை விட்டு வெளியேற, சிறிது நேரம் பாலு அணியை வழிநடத்தினார். வாழ்நாள் முழுவதும் ஆடிய வீரருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான். நாற்கோணப் போட்டிகளில் அவர் ஆடியதும் அவ்வாண்டோடு முடிந்தது.

ஆயினும் அந்தப் போராட்டம் வீண் போகவில்லை. 1923ஆம் ஆண்டு தம்பி விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். அவருடைய தலைமையில் அணி ஐரோப்பியரை வென்றது. இரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். சாதி பார்த்து ஒதுக்கப்பட்ட குடும்பத்தின் மகனைத் தோளில் சுமக்கப் போட்டி போட்ட கூட்டத்தைக் கண்டபோது மூத்தவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? அண்ணன் உழுத நிலத்தில் தம்பி அறுவடை செய்தார்.

அணியில் இடம் கிடைப்பதற்கும் தலைமை கிடைப்பதற்கும் இடையேயுள்ள இந்தத் தூரம் வேறு நாடுகளிலும் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகள் 1928இலேயே டெஸ்ட் போட்டிகளில் ஆடத் தொடங்கின. ஆனால் ஒரு தொடர் முழுவதற்கும் கறுப்பினத்தவர் ஒருவர், அதாவது பிராங்க் வொறெல், தலைவராவதற்கு 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்தில் பெரிய அணிகள் கறுப்பினத்தவருக்குக் கதவடைத்திருந்தன. 1947இல் ஜாக்கி ரொபின்சன் அந்தக் கதவைத் திறந்தார். கறுப்பினத்தவர் ஒருவர் அணியை வழிநடத்தும் நாளைக் காண விரும்புவதாக 1972 அக்டோபரில் அவர் பலர் முன்னிலையில் சொன்னார். ஒன்பது நாட்களில் இறந்து போனார். அந்த நாள் 1975இல்தான் வந்தது. ஆடுகளத்திலிருந்து தலைமை நாற்காலிக்கு நடந்து செல்ல அங்கே இருபத்தெட்டு ஆண்டுகள். பல்வங்கர் குடும்பத்துக்கு 1906இலிருந்து பதினேழு ஆண்டுகள்.

இரு நண்பர்கள், இரு பாதைகள்

ஆட்டத்தை விட்ட பின்னர் பாலு பொதுவாழ்வில் இறங்கினார். 1932இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதி வேண்டுமா, பொதுத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடங்கள் போதுமா என்ற பெரும் கேள்வி எழுந்தது. அம்பேத்கார் தனித்தொகுதியைக் கேட்டார். காந்தியடிகள் அதை எதிர்த்து எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். பாலு, சென்னையைச் சேர்ந்த எம். சி. இராஜாவைப் போல, பிரிந்து நிற்பதை விரும்பவில்லை. செப்டெம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் கையொப்பமிட்டவர்களுள் அம்பேத்காரும் உண்டு, எம். சி. இராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் உண்டு, பல்வங்கர் பாலுவும் உண்டு.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் பம்பாயில் அம்பேத்காருக்கு எதிராகக் காங்கிரஸ் கட்சி பாலுவையே நிறுத்தியது. அம்பேத்கார் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றார்கள். ஒருகாலத்தில் தம்மை வரவேற்ற மாணவரிடம் பாலு தோற்றார்.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. அணிக்குள்ளே இருந்து, பொறுமையோடு, தம் திறமையால் ஒவ்வொரு கதவாகத் திறந்தவர் பாலு. உள்ளே இருந்தே மாற்றலாம் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. திறமையுள்ள ஒரு பாலுவுக்கே இத்தனை தடைகள் என்றால், பந்து வீசத் தெரியாத இலட்சக்கணக்கானோரின் கதி என்ன என்று அம்பேத்கார் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, பல பத்தாண்டுகள் நாடற்றவர்களாக நின்ற நம் மலையக மக்களுக்கு இந்த இரண்டு குரல்களும் அந்நியமானவை அல்ல.

நமக்கு விட்டுச் சென்றது

பாலு 1955 ஜூலை 4ஆம் நாள் பம்பாயில் காலமானார். முதல் தரப் போட்டிகள் முப்பத்து மூன்றில் 179 விக்கெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் சராசரி பதினைந்து ஓட்டங்கள் மட்டுமே என்பது அவருடைய கணக்கு. இந்தியா முதன்முதலாக டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியது 1932இல். அதற்கு முன்னரே அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்துவிட்டதால் டெஸ்ட் வீரர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பின்வந்த தலைமுறைகள் அவரை மறந்தன. வரலாற்றறிஞர் இராமச்சந்திர குகா 2002இல் எழுதிய இந்தியக் கிரிக்கெட் வரலாற்று நூலே அவரை மீண்டும் பலருடைய நினைவுக்குக் கொண்டுவந்தது.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஏழைச் சிறுவன் உழைத்து உயர்ந்தான் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அது பாதிக் கதை. உழைத்து உயர்ந்தவனுக்கும் உரிய இடம் மறுக்கப்பட்டது என்பது மறுபாதி. தம்பியர் எழுந்து நின்று, இது அநீதி என்று சொன்ன பின்னர்தான் கதவு திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திறமை வளர்க்க வேண்டியது. நியாயம் கேட்டுப் பெற வேண்டியது. இரண்டையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நம்மையும் சிறிது கேட்டுக்கொள்வோம். நம் வீட்டுக்கு வேலை செய்ய வருபவருக்கென்று சமையலறையின் மூலையில் வேறு கோப்பை வைத்திருக்கிறோமா? ஊர்த் திருவிழாவுக்குப் பந்தல் கட்டுவோரும் வழி துப்புரவு செய்வோரும் யார், விழாக் குழுவின் தலைவராக வருவோர் யார்? மண விஷயம் பேசும்போது நாம் முதலில் விசாரிப்பது பிள்ளையின் குணத்தையா, குலத்தையா? பாடசாலை அணியில் நன்றாக ஆடும் லயத்துப் பையனைத் தட்டிக்கொடுக்கும் நாம், அவனை அணித் தலைவனாக்கும் போதும் அதே முகமலர்ச்சியோடு இருக்கிறோமா?

பாலுவோடு ஆடியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவருடைய பந்து வீச்சை மெச்சினார்கள், அவரால் வென்றார்கள், அவரைக் கைதட்டி வாழ்த்தினார்கள். கைதட்டியதே போதும் என்று நினைத்ததுதான் அவர்கள் செய்த தவறு. இந்தத் தவறு நம் வீடுகளில் இல்லாதிருக்கட்டும். இன்று மாலை தேநீர் ஊற்றும்போது கோப்பைகளை ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.